அயோடின் மருந்தும் சில நாள் ஒதுங்கி இருத்தலும்

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது நம் மீதுள்ள உரிமைகளுள் ஒன்று என்பதைச் சிறு பிராயத்திலேயே மதரஸாவில் ஓதியிருக்கிறோம். நம் ஊர்களில் இதில் எவரும் குறை வைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பினார் என்று தெருவில் தெரிந்த அரைமணி நேரத்தில், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திக் கொண்டு மாமிமார்களும் மச்சிமார்களும் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து விடுவார்கள். மற்ற நோய்களில் இது பெரிய ஆறுதல். ஆனால் தைராய்டுப் புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயோடின் அருந்தி வந்தவரின் கட்டிலருகே அந்தக் கைக்குழந்தை மணிக்கணக்கில் இருக்கலாகாது.

வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறான காரியம் நடக்கிறது. 'ரேடியேஷன் மருந்து' என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டார் கலங்கிப் போகிறார்கள். உம்மா குடித்த தம்ளரை எறிந்து விடுவதும், மூன்று மாதம் கழிந்த பின்னும் அவர் ஆக்கிய சோற்றை உண்ணத் தயங்குவதும், ஸலாத்திற்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டடி பின்வாங்குவதும் உண்டு. புற்றுநோய் என்ற பெயரையே சுமக்க முடியாமல் சுமந்து கொண்டிருக்கும் ஒரு பெண்ணை, சொந்த வீட்டிலேயே இப்படி ஒதுக்கி வைத்தால் அவர் மனம் என்னவாகும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் வீட்டார் அன்பினால் தவறுகிறார்கள்; இரண்டாம் வீட்டார் அச்சத்தினால் தவறுகிறார்கள். எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்ற கணக்கு இரு வீட்டாருக்கும் தெரியவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே நாம் படிக்கப் போகிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே உள்ள சிறு சுரப்பி. நாம் உண்ணும் உப்பிலும் மீனிலும் உள்ள அயோடினை இரத்தத்திலிருந்து உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக் கொள்வது அதன் இயல்பு. உடலின் மற்ற உறுப்புகள் இந்த அளவுக்கு அயோடினைச் சேர்ப்பதில்லை. இந்த இயல்பையே மருத்துவர்கள் மருந்தாக்கிக் கொண்டார்கள். அயோடின் 131 என்னும் கதிரியக்க வகை 1938-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கண்டறியப்பட்டது. 1941-ல் பாஸ்டன் நகரில் ஸால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் அது தைராய்டுப் புற்றுநோய்க்கும் வந்தது. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் உலைகளில் இது உண்டாக்கப்படுகிறது.

அறுவை செய்து தைராய்டை எடுத்த பிறகும் சில துணுக்குகள் கழுத்தில் தங்கலாம். நோய் நிணநீர் முடிச்சுகளுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கலாம். மாத்திரையாகவோ நீராகவோ விழுங்கிய இந்த அயோடின், அவை எங்கிருந்தாலும் தேடிப் போய்ச் சேருகிறது. சேர்ந்த இடத்தில் அது இருவகைக் கதிர்களை வெளிவிடுகிறது. பீட்டாக் கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நோயணுவைக் கொல்வது அதுதான். காமாக் கதிரோ உடலைத் துளைத்து வெளியே வந்து விடும். நோயாளியின் அருகில் இருப்பவரைச் சென்றடைவது இந்த இரண்டாவது கதிர்.

இன்னொரு வழியும் உண்டு. உடல் பிடித்துக் கொள்ளாத அயோடின் சிறுநீரிலும், எச்சிலிலும், வியர்வையிலும், தாய்ப்பாலிலும் வெளியேறுகிறது. அது அடுத்தவர் கைபட்டு வாய்க்குப் போனால் அவருடைய நல்ல தைராய்டிலும் போய்த் தங்கி விடும். ஆகவே நாம் காக்க வேண்டியவை இரண்டுதான்: கதிருக்குத் தூரம், கசிவுக்குச் சுத்தம். இதில் தொற்று என்பதற்கே இடமில்லை. நோயாளியின் அருகில் இருந்ததால் ஒருவர் தாமும் கதிர்வீசத் தொடங்கி விடுவதில்லை.

தூரத்தின் கணக்கு எளிது. ஒரு மீட்டரில் இருப்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அவர் பெறும் கதிர் பாதியாகக் குறையாது. நாலில் ஒரு பங்காகிவிடும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆறடி, ஆறடி என்று மருத்துவமனையில் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுவே. காலத்தின் கணக்கும் எளிது. இந்த அயோடின் 8 நாளில் தானாகவே பாதியாகிவிடும். 16 நாளில் கால் பங்கு. 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடலுக்குள் அது இன்னும் வேகமாகக் குறையும். தைராய்டு எடுக்கப்பட்டவர் உடலிலிருந்து முதல் இரண்டு நாட்களிலேயே பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். புற்றுநோயில்லாமல் தைராய்டு மிகுதியாகச் சுரப்பவருக்கும் இதே மருந்தைச் சிறிய அளவில், 10 அல்லது 15 மில்லிகியூரி கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். மருந்து குறைவுதானே என்று அவர்கள் அலட்சியமாக இருந்து விடுகிறார்கள். அவர்களுக்குச் சுரப்பி முழுதாகக் கழுத்தில் இருப்பதால் அது அயோடினை விடாமல் பிடித்து வைத்துக் கொள்கிறது. எனவே சில வேளைகளில் 100 மில்லிகியூரி அருந்திய புற்றுநோயாளியை விட அதிக நாட்கள் அவர்கள் குழந்தைகளை விட்டு விலகியிருக்க வேண்டியதாகும்.

புற்றுநோயாளிக்கு 30 முதல் 200 மில்லிகியூரி வரை தேவைக்கேற்பக் கொடுக்கிறார்கள். நோய் பரவும் அபாயம் குறைந்தவர்களுக்கு 30 மில்லிகியூரியே 100-க்கு நிகராகப் பலனளிக்கிறது என்று 2012-ல் பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்த இரு ஆய்வுகள் காட்டின. மிகக் குறைந்த அபாயமுள்ள சிலருக்கு இம்மருந்தே வேண்டியதில்லை என்று 2022-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு கூறியது. ஆகவே, "எங்கள் உம்மாவுக்கு எவ்வளவு, அது ஏன் தேவை?" என்று மருத்துவரிடம் மரியாதையோடு கேட்பதில் பிழையில்லை.

இந்தியாவில் இதற்கான விதிகளை 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ளது. 30 மில்லிகியூரிக்கு மேல் அருந்தியவரைத் தனியறையில் வைத்திருப்பார்கள். அந்த அறையின் கழிவுநீர் நேரே சாக்கடைக்குப் போகாமல் தனித் தொட்டியில் தேங்கி, கதிரியக்கம் அடங்கிய பின்பே வெளியேற்றப்படும். உடலில் இருப்பது 30 மில்லிகியூரிக்குக் குறைந்து, ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட்டுக்கு மிகாமல் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்த அறைக்குள் எதைக் கொண்டு போகலாம் என்று நம்மவர் அவசியம் கேட்டுக் கொள்ள வேண்டும். உள்ளே போன பொருளில் எச்சிலும் வியர்வையும் பட்டுக் கதிரியக்கம் ஒட்டியிருந்தால் அதை உடனே வெளியே விடமாட்டார்கள். வாப்பா ஓதிய முஸ்ஹஃபையும், ஹஜ்ஜிலிருந்து வந்த முஸல்லாவையும் அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம். ஓதுவதற்குக் கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்துக் கொள்ளலாம்; தொழுவதற்குப் பழைய விரிப்பு ஒன்று போதும். தஸ்பீஹ் மணி ஒன்று உள்ளே போய்விட்டால் அதை எறிய வேண்டியதில்லை. ஒரு பையில் கட்டி மூன்று மாதம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்து ஓதலாம்.

வீட்டுக்கு வரும் வழி

மருத்துவமனை அனுப்பிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நினைத்து அன்றிரவே வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பஸ் ஏறி விடுவது நம் பக்கத்து வழக்கம். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டரில் மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட் என்றால், தோளோடு தோள் சேர்ந்து அரை மீட்டரில் இருப்பவருக்கு அது நான்கு மடங்கு, அதாவது 200. எட்டு மணி நேரப் பயணத்தில் 1600 மைக்ரோசீவெர்ட், 1.6 மில்லிசீவெர்ட். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 1 மில்லிசீவெர்ட்தான். மனித உடல் ஒரு புள்ளியல்லவாதலால் உண்மையில் இது சற்றுக் குறையும். அனுமதித்த உச்ச அளவோடுதான் எல்லோரும் வெளிவருகிறார்கள் என்றும் இல்லை. ஆனாலும் பக்கத்து இருக்கையில் வந்து அமரும் முகமறியாத பெண் கர்ப்பிணியாக இருந்தால், அவரைக் கேளாமலே அந்தப் பங்கை அவர் மீது ஏற்றி விடுகிறோம். அவர் நம் மார்க்கத்தவரோ அல்லரோ, பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்பவருக்கும் நம் மீது உரிமை உண்டு.

வசதியுள்ளவர் தனி வண்டி வைத்து, ஓட்டுபவருக்கு எதிர்மூலையில் பின் இருக்கையில் அமர்ந்து வரலாம். இயலாதவர் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம், "எங்கள் ஊர் தொலைவு, பஸ்ஸில்தான் போக வேண்டும், வீட்டில் ஒரே அறை, சிறு பிள்ளைகள் மூவர்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, இன்னும் ஓரிரு நாள் அங்கேயே தங்க வழி கேட்க வேண்டும். ஏழ்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, பெரிய வீடிருப்பதாகத் தலையாட்டி விடுகிறவர்கள் உண்டு. லாட்ஜில் அறை எடுப்பதும் சரியான வழியன்று. படுக்கை விரிப்பை மாற்றும் கூலிக்காரப் பெண்ணுக்கு நாம் அருந்தியது என்னவென்று தெரியாது.

வீட்டில்

தைராய்டுப் புற்றுநோய் ஆண்களை விடப் பெண்களுக்கே சுமார் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எனவே பெரும்பாலும் விலகியிருக்க வேண்டியவர் பிள்ளைகளின் தாய். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆறடிக் கணக்குப் புரியாது; உம்மாவைக் கண்டால் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக் கொள்ளும். கதவைத் தாழிட்டுக் கொண்டு உள்ளே தாயும் வெளியே பிள்ளையும் அழுவதை விட, அந்தச் சில நாட்களுக்குப் பிள்ளையைச் சாச்சி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ விடுவது நல்லது என்பது நம் கருத்து. தாய்தான் வேறு வீடு போக வேண்டும் என்றால் அங்கே கர்ப்பிணியோ குழந்தையோ இருக்கலாகாது.

பணிவிடை செய்ய யாரை வைப்பது? விவரம் அறிந்து, மனமுவந்து நோயாளியைக் கவனிக்கும் பெரியவருக்கு ஒரு சிகிச்சைக் காலத்தில் 5 மில்லிசீவெர்ட் வரை போகலாம் என்று உலக அளவிலான கதிர்வீச்சுப் பாதுகாப்பு நெறிகள் இடம் தருகின்றன. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்த இடமில்லை. வயதாக ஆகக் கதிரின் தீங்கு குறைவதால், அறுபது கடந்த உம்மம்மா இந்தப் பணிக்கு மிகப் பொருத்தமானவர். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளை ஏவ வேண்டாம். அவள் வயிற்றில் கரு இருப்பது அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

நலம் விசாரிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பெரியவர்கள் வாசற்படியில் நின்று ஸலாம் சொல்லி, ஆறடி தள்ளி அமர்ந்து, துஆச் செய்து விட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து விடலாம். நோயாளியிடம் நெடுநேரம் உட்காராமல் இருப்பது எந்நோயிலும் விசாரிப்பின் ஒழுக்கம்தான். முஸாஃபஹாவும் கட்டித் தழுவுவதும் பிறகு ஆகட்டும். குழந்தைகளைக் கூட்டி வரவேண்டாம்.

நம் கடற்கரை ஊர்களில் ஒரே ஸஹனில் நாலைந்து பேர் அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. பரக்கத்தான வழக்கம், ஆயினும் எச்சிலில் அயோடின் கலந்து வரும் நாட்களில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துவாலை வேண்டும். அவற்றைத் தனியாகக் கழுவினால் போதும், எறிய வேண்டியதில்லை. அவர் உடுத்தியதைத் தனியாகத் துவைக்க வேண்டும். கணவன் மனைவி தனிப் படுக்கையில் உறங்க வேண்டும். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களிடமிருந்து சில நாள் என்றால், குழந்தையிடமிருந்தும் கர்ப்பிணியிடமிருந்தும் வாரக்கணக்காகலாம். 'கொஞ்ச நாள்' என்று வாய்வார்த்தையாகக் கேட்டு வராமல், எந்தத் தேதியில் யாரோடு இயல்பாகப் பழகலாம் என்று மருத்துவமனையில் தேதியிட்டு எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்தால் அன்பு மிகுந்தவர்கள் முந்தவும் மாட்டார்கள், அச்சமுள்ளவர்கள் அந்தத் தேதிக்கு மேல் பிந்தவும் மாட்டார்கள்.

ஒளுவும் தொழுகையும்

கதிரியக்கம் பட்ட உடலும் உடையும் நஜீஸா என்று சிலர் மனம் குழம்புகிறார்கள். நஜீஸ் எது என்பதை மார்க்கம் வரையறுத்திருக்கிறது. மனிதனின் வியர்வை சுத்தமானது. அதில் அயோடின் இருப்பதால் அது நஜீஸாகி விடுவதில்லை. சிறுநீர் எப்போதும் போல நஜீஸ். தண்ணீர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தடையும் இல்லை என்பதால் அவர் வழக்கம் போல ஒளுச் செய்து தொழ வேண்டியவரே. நாளுக்கு ஐந்து முறை கைகளும் வாயும் கழுவப்படுவது இந்த நேரத்தில் உடலுக்கும் நன்மை. வாய் கொப்பளித்த நீர் வழிந்து ஓடும்படி பைப்படியில் ஒளுச் செய்து, பின்னால் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

சிறுநீர் கழிக்கையில் ஆண்களும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும் என்று மருத்துவமனைகளில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். நின்று கழித்தால் தெறித்துத் தரையில் படும் என்பதால். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரும் ஒழுக்கமே அது. காகிதத்தால் துடைத்து அதைக் குப்பையில் சேர்ப்பதை விடத் தண்ணீரால் சுத்தம் செய்து கொள்வதும் மேலானது. பிறகு இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்காமல் அடிக்கடி போவதே கதிரியக்கத்தை உடலிலிருந்து விரைவில் வெளியேற்றும் வழி. மாதவிலக்கு நாட்களாக இருந்தால் அந்தத் துணிகளை என்ன செய்வது என்று பெண்கள் வெட்கத்தை விட்டு நர்ஸிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஜமாஅத்தின் காரியம் கவனத்திற்குரியது. நோயாளிக்கு ஜும்ஆவிலும் ஜமாஅத்திலும் சலுகை உண்டு. ஆனால் அயோடின் அருந்தியவர் பல வேளைகளில் நடக்கவும் பேசவும் நல்ல தெம்போடு இருப்பார், "நான் நன்றாகத்தானே இருக்கிறேன், பள்ளிக்குப் போகாமல் இருப்பதா?" என்று அவர் மனம் உறுத்தும். பச்சைப் பூண்டு உண்டவரை, அந்த வாடை பக்கத்தில் தொழுபவருக்குத் தொல்லை என்பதற்காகவே பள்ளிக்கு வரவேண்டாம் என்று தடுத்த மார்க்கம் நம்முடையது. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். மேலே சொன்ன கணக்கின்படி ஒன்றரை மணி நேரத் தராவீஹில் பக்கத்தில் நிற்பவர் 300 மைக்ரோசீவெர்ட் வரை பெறக்கூடும். ஆண்டு வரம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓர் இரவில்! பக்கத்தில் நிற்பது மதரஸாச் சிறுவனாகவும் இருக்கலாம். ஆகவே தாளில் எழுதிய தேதி வரை அவர் வீட்டில் லுஹர் தொழுது கொள்ளட்டும். இதில் மனம் அமைதியடையாதவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் இந்த எண்களையும் சொல்லி விளக்கம் பெறலாம்.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக்கு முன் ஓரிரு வாரம் அயோடின் கலந்த உப்பு, கடல் மீன், கருவாடு, பால், முட்டை ஆகியவற்றை நிறுத்தச் சொல்வார்கள். துணுக்குகள் அயோடினுக்குப் பசித்திருந்தால்தான் மருந்தை நன்கு பிடித்துக் கொள்ளும். பலருக்குத் தைராக்ஸின் மாத்திரையையும் மூன்று நான்கு வாரம் நிறுத்துவார்கள். அப்போது உடல் வீங்கும், குளிரும், மறதியும் சோர்வும் வரும். சும்மா படுத்திருக்கிறாள் என்று மாமியார் குறைகூற வேண்டாம். மருந்துக்குப் பின்னரோ மணிக்கொரு தம்ளர் நீர் வேண்டும். ரமலானில் இது நேர்ந்தால் நோன்பை வேறு நாட்களில் கழாச் செய்ய நோயாளிக்குள்ள அனுமதி இதற்கும் பொருந்தும்.

பாலும் கருவும்

எல்லாவற்றிலும் இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டியது இது. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் பரவிய இதே அயோடின் 131 புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, அதைக் குடித்த குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகிய பகுதிகளில் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சிறு வயதுக் கதிர்வீச்சால் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. பெரியவரின் தைராய்டை விடக் குழந்தையினுடையது எவ்வளவு மென்மையானது என்பதை உலகம் அப்போது அறிந்தது.

பால் கொடுக்கும் தாய் மருந்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கவே கூடாது. மார்பில் பால் ஊறிக் கொண்டிருந்தால் அயோடின் அங்கேயும் சேரும் என்பதால் இந்த முன்னேற்பாடு தாய்க்கும் பாதுகாப்பு. இது மனவேதனை தரும் காரியம்தான். மாற்றுப்பாலை முன்கூட்டியே பழக்கி, தாயைத் தேற்ற வேண்டியது வீட்டாரின் பொறுப்பு. அடுத்து பிறக்கும் குழந்தைக்கு அவர் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

கர்ப்பமிருக்கையில் இம்மருந்து அறவே கூடாது. கரு பத்துப் பன்னிரண்டு வாரமானதும் அதன் சிறு தைராய்டு அயோடினை இழுக்கத் தொடங்கி விடும். ஆகவே மருந்துக்கு முன் கர்ப்பச் சோதனை செய்கிறார்கள். மணமாகாத பெண்ணிடமும் இது கேட்கப்பட்டால் மனம் புண்பட வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான முறை அது. மருந்துக்குப் பின் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை பெண்ணும், குறைந்தது நான்கு மாதம் ஆணும் கருத்தரிப்பைத் தள்ளிப் போட வேண்டும். கல்யாண நாள் குறிக்கும் வீட்டார் இதை மறைக்காமல் மறு வீட்டாரிடம் சொல்லி விடுவது நல்லது.

ஹயாத்து மவுத்து அல்லாஹ்வின் கையில். மருந்து அருந்திய சில வாரங்களுக்குள் வேறு காரணத்தால் ஒருவர் மவுத்தாகி விட்டால், குளிப்பாட்டத் தொடங்கும் முன் சிகிச்சை தந்த மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அங்குள்ள கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி அளந்து பார்த்து, கையுறையோடு எவ்வளவு நேரத்தில் குளிப்பாட்டலாம் என்று சொல்வார். அடக்கம் செய்வதற்குத் தடையிருக்கும் என்று அஞ்சி அதை மறைப்பவர்கள், மையித்தைக் குளிப்பாட்ட வரும் முதியவர்களுக்கே தீங்கு செய்கிறார்கள்.

உம்ராவுக்கோ வளைகுடாவுக்கோ புறப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. வீட்டில் எல்லாக் கட்டுப்பாடும் முடிந்த பின்பும், சில மாதங்கள் வரை உடலில் எஞ்சியிருக்கும் அற்ப அளவு, யாருக்கும் தீங்கு செய்யாவிட்டாலும், சில விமான நிலையங்களில் உள்ள கதிரியக்கக் கருவிகளை ஒலிக்கச் செய்து விடும். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி, மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு கூடிய கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொள்ள வேண்டும். அதைப் பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டு விட வேண்டாம்.